காஞ்சிபுரத்தில் ஒரு வசனமில்லாத படக்கதை

வசனமே இல்லாத படக்கதை என்று பேச்சை எடுத்தாலே காமிக்ஸ் பைத்தியங்கள் எல்லாம் நேராக ஐரோப்பாவுக்கு ஃப்ளைட் ஏறிவிடுவார்கள். நானும் அதே கோஷ்டிதான். பெல்ஜியத்துக்காரர் ஃபிரான்ஸ் மாஸரீல் 1919இல் 167 மரச்செதுக்குப் படங்களை வைத்தே ஒரு மனிதனின் வாழ்க்கையைச் சொல்லி முடித்தது, ஜெர்மனியில் 1934இலிருந்து 1937 வரை பத்திரிகையில் வந்த வழுக்கைத்தலை அப்பாவும் அவருடைய வால் பையனும், இத்தாலியில் ஓஸ்வால்டோ கவான்டோலி ஒற்றைக் கோட்டை வைத்து உருட்டிய 'லா லீனியா' என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். என் வயசுக்காரர்களுக்கு இருக்கவே இருக்கிறது ஓகி. ஒரு நீலப் பூனை, மூன்று கரப்பான்பூச்சி. பிரான்சில் 1998இல் ஆரம்பித்தபோது அதில் வசனமே கிடையாது. கத்தல், கூச்சல், டமால், அவ்வளவுதான். நம்ம ஊர் டிவிக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. இந்தி நடிகர்களைப் போலவே மிமிக்ரி பண்ணி அந்தப் பூனையைப் பேச வைத்துவிட்டார்கள்.

இந்த ஓகி விஷயம் அப்படியே ஓரமாக இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் எட்டாம் நூற்றாண்டுப் பல்லவ ராஜா ஒருத்தரும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யப்போகிறார்.

பொட்டி தட்டுவது பெங்களூரில் என்றாலும் எனக்கு ஊர் வாலாஜாபாத். அங்கே பஸ் ஏறினால் பேப்பர் படித்து முடிப்பதற்குள் காஞ்சிபுரம். காஞ்சிபுரம் என்றதும் வெளியூர் நண்பர்கள் எல்லோரிடமும் ஒரே லிஸ்ட்தான் இருக்கும். காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர், நேரம் இருந்தால் கைலாசநாதர், எப்படியும் ஒரு பட்டுச்சேலைக் கடை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய வைகுண்டப் பெருமாள் கோயில் அந்த லிஸ்டில் பெரும்பாலும் இருக்காது. உள்ளே போனால் ஆள் அரவமே இருக்காது. தொல்லியல் துறையின் புல்தரையும் நீல போர்டும்தான் வரவேற்கும்.

அந்தக் கோயிலுக்குப் பழைய பெயர் பரமேச்சுர விண்ணகரம். இரண்டாம் நந்திவர்மன் என்கிற நந்திவர்மப் பல்லவமல்லன் 8ஆம் நூற்றாண்டில் கட்டியது. மேற்கே பார்த்த சந்நிதி. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கருவறை. இருந்த கோலம், கிடந்த கோலம், நின்ற கோலம் என்று பெருமாள் மூன்று மாடியில் இருக்கிறார். திருமங்கையாழ்வார் இந்தக் கோயிலுக்கென்றே பத்துப் பாசுரம் பாடியிருக்கிறார். அதில் பெருமாளுக்குச் சமமாகப் பல்லவ ராஜாவுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார் என்பது வேடிக்கை.

நான் சொல்ல வந்த படக்கதை கருவறையில் இல்லை. கருவறையைச் சுற்றி, சிங்கம் உட்கார்ந்த தூண்கள் தாங்குகிற ஒரு திருச்சுற்று மாளிகை ஓடுகிறது. அதன் சுவர் நெடுக, நான்கு பக்கமும், இரண்டு வரிசையாகக் கட்டம் கட்டமாகச் சிற்பங்கள். கட்டம் என்று காமிக்ஸ்காரன் புத்தியில் சொல்லவில்லை. நிஜமாகவே கட்டங்கள்தான். ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி. சபை, தூது, யானைப்படை, குதிரைப்படை, கைகலப்பு, பட்டாபிஷேகம், மறுபடி சபை. மணற்கல்லில் செதுக்கியது. கதை பிரம்மாவில் ஆரம்பித்து நந்திவர்மன் வரைக்கும் வருகிறது. பிரம்மா, ஆங்கிரசர், பிருகஸ்பதி, சம்யு, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன், அவனுடைய பிள்ளை பல்லவன், அதற்கப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக ராஜாக்கள். ஒரு ராஜவம்சம் தன்னுடைய முழு வரலாற்றையும், புராணத்தில் கால் வைத்து ஆரம்பித்து நேற்றைய யுத்தம் வரைக்கும், கோயில் சுவரில் தொடர்கதையாக வரைந்து வைத்தது தமிழ்நாட்டில் வேறெங்கேயும் இந்த அளவுக்கு இல்லை.

சரி, வசனம் இல்லாமல் இதை எப்படிப் படிப்பது?

இங்கேதான் சிற்பியின் சாமர்த்தியமும் இருக்கிறது, நமக்குத் தலைவலியும் இருக்கிறது. எல்லா ராஜாவுக்கும் ஒரே முகம். மகேந்திரவர்மனுக்கு ஒரு மூக்கு, மாமல்லனுக்கு ஒரு மூக்கு என்றெல்லாம் கிடையாது. இரும்புக்கை மாயாவியை அந்தக் கையை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு வசதி இங்கே இல்லை. அதற்குப் பதிலாகச் சிற்பி ஒரு குறியை வைத்துக்கொண்டார்: பட்டாபிஷேகம். நடுவில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். இரண்டு பக்கமும் ஆட்கள் குடத்தைத் தலைக்கு மேல் கவிழ்ப்பார்கள். இந்தக் காட்சி வந்தால் புது ராஜா வந்தாச்சு என்று அர்த்தம். அதுவரைக்கும் ஆண்டவனின் அத்தியாயம் முடிந்தது. எங்கள் பக்கத்துப் பட்டுச்சேலையில் அன்னமும் மயிலும் கரை நெடுக ஆயிரம் முறை வரும். ஜக்கார்டு அட்டை சுற்றச் சுற்ற அதே அன்னம்தான் திரும்பி வரும். அது கதை ஆகாது. இங்கேயும் ஒரே உருவம் திரும்பத் திரும்பத்தான் வருகிறது. ஆனால் இரண்டு பட்டாபிஷேகத்துக்கு நடுவில் நடப்பது ஒவ்வொரு தடவையும் வேறு. அதனால் கதை நகர்ந்துவிடுகிறது.

ஆனாலும் கதை நகர்கிறது என்பது வேறு, யார் கதை என்று தெரிவது வேறு. யானை மேல் இருப்பவன் ஜெயிக்கிறான் என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். அவன் பெயர் என்ன, எதிரில் விழுந்து கிடப்பவன் சாளுக்கியனா, பாண்டியனா, கங்கனா என்பது கல்லைப் பார்த்துத் தெரியாது. செதுக்கிய காலத்தில் காஞ்சியில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் நின்று யாராவது கதை சொல்லியும் இருக்கலாம். அந்த ஆள் போனதும் படம் ஊமையாகிவிட்டது. சீன முகஜாடையில் ஒரு உருவத்தைக் காட்டி, "இதுதான் சார் யுவான் சுவாங்" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கல் வாயைத் திறக்காது.

இதே பல்லவர்கள் மாமல்லபுரத்தில் செய்து வைத்திருக்கிற வேலையைப் பாருங்கள். ஏறக்குறைய 30 மீட்டர் நீளப் பாறை. கை இரண்டையும் தூக்கி ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு தவசி, பக்கத்தில் சிவன், நடுவில் பாறைப் பிளவில் நாகர்கள், சுற்றிலும் தேவர்கள், யானைகள். அர்ஜுனன் தபசு என்று பெயர் வழங்கிவந்தது. 1914இல் விக்டர் கொலுபெவ் என்கிற அறிஞர், இது அர்ஜுனன் இல்லை, கங்கையைக் கொண்டுவர பகீரதன் செய்த தவம் என்றார். நூறு வருஷம் தாண்டியும் வழக்கு முடியவில்லை. இரண்டும்தான், வேண்டுமென்றேதான் சிலேடையாகச் செதுக்கினார்கள் என்று ஒரு கட்சியும் உண்டு. காவியத்தில் சிலேடை எப்படி அமைய வேண்டும் என்று இலக்கணம் எழுதிய தண்டி இருந்தது பல்லவர்களின் காஞ்சியில்தான் என்பதால் எனக்கு இந்தக் கட்சி மேல் ஒரு சாய்வு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அதே பாறையில் கீழே ஒரு பூனையும் தவசியைப் போலவே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் எலிகள். அந்தப் பூனையைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகமே கிடையாது! பள்ளிக்கூட டூரில் வந்த பையன்கூடப் பார்த்ததும் சிரிக்கிறான். படத்துக்கு எது சுலபம், எது கஷ்டம் என்று ஒரே பாறையிலேயே தெரிந்துவிடுகிறது. போலிச் சாமியார் என்ற குணத்தைப் படம் ஒரு நொடியில் சொல்லிவிடும். பெயரைச் சொல்ல அதனால் ஆகாது.

இந்தக் குழப்பம் கலைஞனுக்கு சில சமயம் பெரிய வரப்பிரசாதம். செக்கோஸ்லோவாக்கியாவில் யிர்ஷி த்ருன்கா 1965இல் 'கை' என்று ஒரு பொம்மைப் படம் எடுத்தார். ஒரு குயவன் பூந்தொட்டி செய்துகொண்டிருக்கிறான். ஒரு ராட்சசக் கை வந்து, தொட்டி வேண்டாம், என் சிலையைச் செய் என்று மிரட்டுகிறது. படம் முழுக்க வசனம் கிடையாது. யாருடைய கை என்று படம் சொல்லவே இல்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. (அரசாங்கத்துக்குப் புரியாமல் போகவில்லை. அவர் இறந்த பிறகு படத்துக்குத் தடை போட்டார்கள்.) அதிகாரத்துக்குக் கீழே இருப்பவனுக்கு, 'நான் உங்களைச் சொல்லலியே' என்று நழுவ ஒரு வழி வேண்டும். ஊமைப்படம் அந்த வழியைக் கொடுக்கிறது. சிம்மாசனத்தில் இருப்பவனின் கவலையே வேறு. தான் சொல்வதை எல்லோரும் ஒரே அர்த்தத்தில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவனுக்கு முக்கியம்.

இப்போது மறுபடி வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருவோம். பிரம்மா வரும் கட்டத்துக்கு விளக்கம் இல்லை. பல்லவன் பிறக்கும் கட்டத்துக்கு விளக்கம் இல்லை. வாதாபியைக் கொளுத்திய மாமல்லன், கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன், யாருக்கும் ஒரு வரி விளக்கம் கிடையாது. வெறும் படம்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும், கட்டங்களோடு சேர்த்துக் கிரந்தமும் தமிழும் கலந்து எழுத்து வெட்டியிருக்கிறார்கள். இன்னின்ன கட்டத்தில் இன்னின்னது நடக்கிறது என்று படத்துக்குப் படம் விளக்கம்.

எந்த இடம் தெரியுமா? நந்திவர்மன் எப்படி ராஜா ஆனான் என்கிற இடம்.

கல்வெட்டு சொல்கிற கதை இதுதான். இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்துபோகிறான். வருஷம் 731 வாக்கில் என்று வைத்துக்கொள்ளலாம். ராஜ்யத்துக்கு ஆள் இல்லை. மாத்திரர், மூலப்பிரகிருதிகள், காஞ்சிக் கடிகையைச் சேர்ந்த கடிகையார் எல்லோருமாகச் சேர்ந்து இரணியவர்ம மகாராஜாவிடம் போய் முறையிடுகிறார்கள். கடிகை என்பது அந்தக் காலத்து உயர்கல்வி நிலையம். வாத்தியார்களும் சேர்ந்து ராஜாவைத் தேடிப் போயிருக்கிறார்கள்! இரணியவர்மன் தன் பிள்ளைகளைக் கேட்கிறான். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன், பல்லவமல்லன் என்று நான்கு பேர். முதல் மூன்று பேரும் நான் போகலை என்று சொல்லிவிடுகிறார்கள். கடைசிப் பையன் பணிவாக எழுந்து நான் போகிறேன் என்கிறான். அவனுக்கு வயசு 12. அப்பாவுக்கு மனசு வரவில்லை. பச்சைக் குழந்தையை எப்படி அனுப்புவது? அப்போது தரணிகொண்டபோசர் என்கிற பெரியவர் ஒருத்தர் எடுத்துச் சொல்லி அவனைச் சம்மதிக்க வைக்கிறார். பையன் மலையும் ஆறும் காடுமாகப் பல தூரம் கடந்து வருகிறான். பல்லவாடி அரையர் பெரும்படையோடு எதிர்கொண்டு போய், யானை மேல் ஏற்றிக் காஞ்சிக்குக் கூட்டி வருகிறார். சாமந்தர்கள், நகரத்தார், மூலப்பிரகிருதிகள் எல்லோரும் வரவேற்கிறார்கள். நந்திவர்மன் என்று பெயர் சூட்டிப் பட்டாபிஷேகம் நடக்கிறது.

இடையில் ஒரு கட்டம் வருகிறது. எனக்கு இந்தக் கல்வெட்டிலேயே உச்சம் அதுதான். இரணியவர்மனுக்கு முன்னால் சில பொருட்களைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவன் அவற்றை யானைத் தலைகள் என்று நினைத்துவிடுகிறான். தரணிகொண்டபோசர், இவை யானைத் தலை இல்லை, உன் மகனுக்கு வந்த மகுடங்கள் என்று விளக்குகிறார். கற்பனை பண்ணிப் பாருங்கள். பார்க்கிறவன் உருவத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வதும், ஒருத்தர் பக்கத்திலிருந்து வார்த்தையால் திருத்துவதும் கதைக்குள்ளேயே வந்துவிடுகிறது. அந்தச் சுவர் முழுக்க நமக்கு இருக்கிற பிரச்சினை இது ஒன்றுதான். ஆனால் பக்கத்தில் தரணிகொண்டபோசர் மாதிரி ஒருத்தர் இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறார்.

ஏன் இந்த இடத்தில் மட்டும்? பொட்டி தட்டுகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். கோடில் யாரும் எல்லா வரிக்கும் கமெண்ட் எழுதுவதில்லை. ரிவ்யூவில் எவனாவது, 'இது எப்படி இங்கே வந்தது?' என்று கேட்பான் என்று தோன்றுகிற வரிக்கு மேல்தான் எழுதுவோம். பிரம்மாவிலிருந்து அசுவத்தாமன் வந்ததைக் காஞ்சியில் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. மாமல்லனின் வெற்றியை யாரும் மறுக்கப்போவதில்லை. நந்திவர்மன் வந்தது அப்படி இல்லை.

பின்னணியைக் கொஞ்சம் பார்த்தால் இது புரியும். நந்திவர்மன் சிம்மவிஷ்ணுவின் நேர் வாரிசு கிடையாது. சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன். அவன் வழியில் புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியவர்மன் என்று வந்து, ஆறாவது ஆளாக நந்திவர்மன். காரைக்கால் பக்கம் கிடைத்த காசாக்குடிச் செப்பேட்டில், அவனுடைய 22ஆம் ஆட்சியாண்டில், இந்த வம்சாவளி இப்படியே இருக்கிறது. குடிமக்கள் தேர்ந்தெடுத்த ராஜா என்ற அர்த்தத்திலும் அதில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வருஷம் முந்தைய உதயேந்திரம் செப்பேட்டில் இவனையே பரமேசுவரவர்மனின் மகன் என்று எழுதியிருக்கிறது! தத்து எடுத்துக்கொண்டதாகப் பாவித்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சமாதானம் சொல்வார்கள். எப்படியிருந்தாலும், ஒரே ராஜா, ஒரு வருஷ இடைவெளி, இரண்டு விதமான அப்பா.

அதே உதயேந்திரம் செப்பேட்டில் இன்னொரு செய்தி. நந்திவர்மன் நந்திபுரத்தில் தமிழ் அரசர்களின் முற்றுகையில் மாட்டிக்கொள்கிறான். அவனுடைய தளபதி உதயசந்திரன் வந்து மீட்கிறான். மீட்கும்போது சித்திரமாயன் என்கிற பல்லவ இளவரசனைத் தன் கையாலேயே கொல்கிறான். ஒரு பல்லவ இளவரசன் எதிரிகள் பக்கம் ஏன் இருந்தான்? பரமேசுவரவர்மனுக்கு மகனாக இருந்திருக்கலாம், நியாயமாகப் பட்டத்துக்கு வரவேண்டியவன் அவனாகவே இருந்திருக்கலாம் என்று சரித்திரக்காரர்களுக்கு ஒரு சந்தேகம். அப்படியென்றால் 'ராஜ்யத்துக்கு ஆள் இல்லை' என்று சுவரில் வெட்டிய வரி சாதாரண வரி இல்லை. மூன்று அண்ணன்களும் வேண்டாம் என்று சொன்னது, ஊரே திரண்டு போய்க் கூப்பிட்டது, அப்பா தயங்கியது, பெரியவர் சமாதானம் சொன்னது, இதெல்லாம் கதை சுவாரசியத்துக்காக மட்டும் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. நான் பிடுங்கிக்கொள்ளவில்லை, என்னைக் கூப்பிட்டார்கள், நான் வந்தேன். படத்தால் இதைச் சொல்ல முடியாது. யானை மேல் ஒரு பையன் ஊருக்குள் வருகிற காட்சியை மட்டும் செதுக்கினால் அது வரவேற்பா, படையெடுப்பா என்று யாருக்குத் தெரியும்? யானை, குதிரை, வேல் பிடித்த ஆட்கள் இரண்டிலும்தான் இருப்பார்கள்.

விஷயம் இவனோடு முடியவில்லை. இவன் காலத்திலேயே சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பிடித்தவன் ஊரைக் கொளுத்தாமல், கைலாசநாதர் கோயில் செல்வத்தைப் பார்த்து அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று அங்கேயே ஒரு தூணில் கன்னடத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனான். இன்றும் இருக்கிறது. உன் ஊரில், உன் முன்னோர் கட்டிய கோயிலில், எதிரியின் எழுத்து. அந்த ஊரில் ஆட்சி செய்துகொண்டு, ஏறக்குறைய 65 வருஷம் சிம்மாசனத்தில் இருந்த ஒருத்தன், தான் கட்டிய சுவரில் எழுத்தைச் சேர்த்ததில் ஆச்சரியம் இல்லை.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு அண்ணன் தம்பி உண்டு. தம்பி என்றுதான் சொல்ல வேண்டும், வயசில் 300 வருஷம் சின்னது. பேயோ திரைச்சீலை. நார்மண்டிக்காரன் வில்லியம் 1066இல் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்த கதையை ஏறக்குறைய 70 மீட்டர் நீளத் துணியில் எம்பிராய்டரி பண்ணி வைத்திருக்கிறார்கள். அதுவும் பட்டத்துக்கு உரிமை யாருக்கு என்ற வழக்குதான். ஹரால்டு முதலில் வில்லியத்துக்குச் சத்தியம் செய்து கொடுத்தான், பிறகு மீறினான் என்பது நார்மண்டிக்காரர்கள் வாதம். துணி நெடுக லத்தீனில் சின்னச் சின்ன விளக்கம். அதில் சத்தியம் செய்கிற காட்சிக்கும் விளக்கம் இருக்கிறது. ஹரால்டு கொல்லப்பட்டான் என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த எழுத்துக்குக் கீழே இரண்டு பேர் இருக்கிறார்கள். கண்ணில் அம்பு தைத்தவன் ஹரால்டா, பக்கத்தில் வெட்டுப்பட்டு விழுகிறவன் ஹரால்டா, இல்லை இரண்டுமே அவன்தானா என்று இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். ஸ்காட் மெக்லவுட் 1993இல் காமிக்ஸைப் பற்றி காமிக்ஸாகவே எழுதிய புத்தகத்தில் இந்தத் திரைச்சீலைக்கு மரியாதையான இடம் உண்டு. காஞ்சிபுரம் அதில் வராது. நாம் எழுதினால்தானே வரும்!

எழுத்து வந்துவிட்டால் சந்தேகம் ஓய்ந்துவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. நந்திவர்மன் எங்கிருந்து வந்தான் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். கம்போடியாவிலிருந்து கப்பலில் வந்தான் என்று அடித்துச் சொல்லும் கட்டுரைகள் டஜன் கணக்கில் கிடைக்கும். கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்வெட்டு மலையைச் சொல்கிறது, ஆற்றைச் சொல்கிறது, காட்டைச் சொல்கிறது. கடலைச் சொல்லவில்லை. கடல் தாண்டி ஒரு ராஜாவைக் கூட்டி வந்திருந்தால் அதை விட்டுவிட்டு ஆற்றையா எழுதுவார்கள்?

பிற்காலச் சோழர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய தாராசுரத்தில் பெரியபுராணக் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பமாக வரிசையாக வைத்தபோது, இன்னார் கதை என்று தமிழில் பெயரையும் வெட்டிவிட்டார்கள். நாயன்மார்கள் தப்பித்தார்கள்.

காஞ்சி சுவரின் மீதிக் கதையைப் படிக்க நமக்கு ஒருத்தர் வேண்டியிருந்தது. அலெக்சாண்டர் ரீ 1909இல் பல்லவர் கட்டடக்கலை பற்றிய தன் புத்தகத்தில் இந்தக் கோயிலைப் படங்களோடு பதிவு செய்திருந்தார். ஆனால் கட்டம் கட்டமாக உட்கார்ந்து, இது இந்த ராஜா, இது இந்தச் சம்பவம் என்று கதையாகக் கோத்தவர் சி. மீனாட்சி. 1905இல் பிறந்தவர். நீலகண்ட சாஸ்திரியிடம் பல்லவர் கால ஆட்சியும் சமூகமும் பற்றி ஆராய்ச்சி செய்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண். அந்த ஆராய்ச்சி 1938இல் புத்தகமாக வந்தது. ஒரு கையில் செப்பேட்டு வம்சாவளி, இன்னொரு பக்கம் முகம் தெரியாத ராஜாக்களின் வரிசை. எழுத்து இருக்கிற நந்திவர்மன் பகுதியைப் பிடித்துக்கொண்டு, அங்கே சிற்பி எந்தச் சம்பவத்தை எப்படிக் காட்டுகிறார் என்று பார்த்து, அந்தப் பாணியை வைத்து எழுத்து இல்லாத மற்ற கட்டங்களைப் படிக்கலாம். ஏதோ ஒரு ராஜா தன் சந்தேகத்தைத் தீர்க்க வெட்டிய வரிகள் 1200 வருஷம் கழித்து அவனுடைய முன்னோர்கள் அத்தனை பேருக்கும் சாவியாகிவிட்டன.

மீனாட்சி 1940 மார்ச்சில் இறந்துபோனார். 34 வயசு. வைகுண்டப் பெருமாள் கோயில் வரலாற்றுச் சிற்பங்களைப் பற்றிய அவருடைய புத்தகத்தைத் தொல்லியல் துறை அடுத்த வருஷம், 1941இல், வெளியிட்டது. அவர் சொன்ன அடையாளங்கள் எல்லாவற்றையும் பின்னால் வந்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது, படம் அப்படிப்பட்டது. டென்னிஸ் ஹட்சன் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் இதே கோயிலைப் பாகவதத்தையும் திருமங்கையாழ்வாரையும் வைத்து முழுக்க வேறு கோணத்தில் படித்தார். அந்தப் புத்தகமும் அவர் மறைந்த பிறகுதான் 2008இல் வந்தது. மாஸரீலின் கதையில் ஒரு வார்த்தை இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா? 1926இல் அதன் ஜெர்மன் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் தாமஸ் மான். ஊமைப் புத்தகத்துக்கு நோபல் பரிசு ரேஞ்சில் ஒரு உரையாசிரியர் :-)

கடைசியாக, போகிறவர்களுக்கு. மணற்கல் என்பதால் உதிர்கிறது. நிறைய இடத்தில் முகம் இருந்த இடத்தில் மேடு மட்டும் இருக்கிறது. சில இடங்களில் எப்போதோ பூசிய சுதை, கல்லின் மேல் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று விரலை வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. காலையில் சீக்கிரம் போங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். குடம் கவிழ்க்கிற கட்டத்தை முதலில் கண்டுபிடியுங்கள். ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அடுத்தது தானாகத் தெரியும். மீனாட்சியின் புத்தகம் ஸ்கேன் செய்து இணையத்தில் கிடைக்கிறது. பின்பக்கம் இருக்கும் படத்தட்டுகளைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு, சுவருக்கு எதிரில் நின்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் இதுவரை மூன்று தடவை போய், தெற்குப் பக்கம் மட்டும்தான் முடித்திருக்கிறேன்.